மொசைக் போட்டாச்சுங்க என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்

மே மாதம் பிறந்தால் முள்ளிவாய்க்கால் நினைவு நாள் பேனருக்காக ஈரோட்டில் ஃபிளக்ஸ் அடிப்பவர்களிடமிருந்து எனக்கு போன் வரும். "ஏனுங்ணா, முள்ளிவாய்க்கால்ல செத்தவங்க படம் பெரிய சைஸ்ல இருக்குதுங்களா? மூஞ்சியக் கட்டம் கட்டமா மறைச்சு மொசைக் போட்டுக்கறோமுங்க, ஒன்னும் பிரச்சினை வராதுங்க." இந்த வருடமும் வந்தது. பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். பத்திரிகைக்குப் படம் எடுத்தும் தேர்ந்தெடுத்தும் முப்பது வருடம் ஓட்டியவன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தில் பவானிசாகரிலும் அறச்சலூரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. எந்த முகாம் என்று சொல்ல மாட்டேன், அங்கிருக்கும் ஒரு தங்கச்சி போன வாரம் செல்போனை என் முன்னால் நீட்டியது. யாரோ வைத்த ஸ்டேட்டஸ். பதுங்குகுழி ஓரத்தில் ஒரு பையன் கிடக்கிறான், முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக மறைத்திருக்கிறது. அவள் விரல் முகத்துப் பக்கம் போகவே இல்லை. சட்டையின் அடியில் போய் நின்றது. மேலே எல்லாம் வெள்ளைப் பொத்தான், கடைசி மட்டும் நீலம்.

"தம்பின்ட சேட்டு அண்ணா. வெள்ளை கிடைக்கேல்லை எண்டு நான்தான் நீலம் தச்சு விட்டனான்."

2006இல் இவள் படகேறியபோது அவன் அங்கேயே நின்றுவிட்டான். 2009க்குப் பிறகு காணாமல் போனவர் பட்டியல்தான். போரில் காணாமல் போனவருக்கு என்ன ஆயிற்று என்று அறியும் உரிமை குடும்பத்துக்கு உண்டு என்று ஜெனீவா உடன்படிக்கையின் 1977ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. அது யாரோ வைத்த ஸ்டேட்டஸ் வழியாகவா வர வேண்டும்?

முகத்தை மறைத்தால் ஆள் தெரியாது என்று உங்களுக்கு யார் சொன்னது? உங்களுக்குத் தெரியாது, சரி. அவனைக் குளிப்பாட்டி வளர்த்தவளுக்கு? கால் பெருவிரல் நகம் போதும். முழங்கையில் பழைய தழும்பு, கைலியின் கட்டம், பின்னங்கழுத்துச் சுழி, ஏதாவது ஒன்று போதும். தோட்டத்து வரப்பில் தூரத்தில் ஒருத்தர் வந்தால் "அது நம்ம பெரியப்பனாட்ட இருக்குது" என்கிறோமே, மூஞ்சி தெரிந்தா சொல்கிறோம்? நடையைப் பார்த்து, தோளில் துண்டு கிடக்கிற விதத்தைப் பார்த்துச் சொல்கிறோம். மொசைக் போடுவதால் உங்களுக்கு உறுத்தல் குறைகிறது. வேறெதுவும் நடப்பதில்லை.

"லைஃப் பத்திரிகையே போட்டானே" என்று விவரம் தெரிந்த ஒரு தம்பி கேட்டார். போட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் நியூகினியின் பூனா கடற்கரையில் செத்துக் கிடந்த மூன்று அமெரிக்கச் சிப்பாய்கள், ஜார்ஜ் ஸ்ட்ராக் எடுத்த படம். முகம் தெரியாது, பெயரும் போடவில்லை. ஆனால் சண்டை ஓய்ந்தது 1943 ஜனவரியில், படம் அச்சானது செப்டம்பர் 20இல். நடுவே தணிக்கை அதிகாரிகளோடு மாதக்கணக்கில் இழுபறி, விஷயம் அதிபர் ரூஸ்வெல்ட் வரைக்கும் போனது. நீங்கள் எடுத்துக்கொள்வது எத்தனை விநாடி?

நானும் யோக்கியன் இல்லை. 2009இல் முதல் பக்கத்தில் மூன்று பத்தி அகலத்துக்கு ஒரு குழந்தையின் உடலைப் போட்டேன். உலகம் விழித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அன்று மாலை அதே தாளில் வடை மடித்துக் கொடுத்தார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள், அது இதைவிடப் பெரிய தப்பு. இந்தப் படங்கள் சாட்சியம். அசல் ஃபைலில் கை வைக்காதீர்கள், வெட்டாதீர்கள், வெளிச்சம் கூட்டாதீர்கள். யார் கொடுத்தது, எப்போது கிடைத்தது என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள். போர்க்குற்றங்களை விசாரிப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் எடுத்த நாளும் இடமும் உதிர்ந்துவிடும். எந்த நாட்டுப் போர் என்றே தெரியாத படத்தைப் பகிரவே வேண்டாம். பேனரில் விளக்குப் படம் போடுங்கள், பெயர்களைப் போடுங்கள். பஸ் ஸ்டாண்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

அந்தத் தங்கச்சி கடைசியாக ஒன்று கேட்டது. "இந்தக் கட்டத்தை எடுத்துவிட ஏலுமோ அண்ணா? ஒருக்கா அவன்தானோ எண்டு பாக்கோணும்." எடுக்க முடியாது. மொசைக் போட்டுச் சேமித்த பிரதியில் அடியில் இருந்த முகம் அழிந்தே போயிருக்கும்.

அந்த நீலப் பொத்தான் படத்தின் மறைக்காத பிரதி உங்களில் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து எனக்கு மட்டும் அனுப்புங்கள். குரூப்பில் போட வேண்டாம்.