மழையில் வாடும் செடிக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

இந்த வாரம் மட்டும் ஐந்து வீட்டு மாடித் தோட்டங்களைப் பார்த்தேன். ஐந்திலும் ஒரே புலம்பல்: "முந்தாநாள் வரைக்கும் நல்லா இருந்துச்சு சார். மழை விட்டதும் வாடிப்போச்சு. எவ்வளவு தண்ணி ஊத்தியும் நிமிரலை."

சென்னை மடிப்பாக்கத்தில் ஓர் அம்மாவின் மாடியில் கத்தரிச் செடி வளரும் பையைச் சாய்த்துப் பார்த்தேன். சாக்கடை நாற்றம். வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்துவிட்டது, நூல் மாதிரி உள்நரம்புதான் மிச்சம். மண்ணைப் பிழிந்தால் சொட்டுகிறது. அந்தச் செடிக்குக் காலையில்கூட ஒரு மக் ஊற்றியிருக்கிறார்.

வாடுவதெல்லாம் தாகம் இல்லை. வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணில் காற்று இருக்க வேண்டிய இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்துவிட்டால் வேர் திணறும். திணறும் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, இலை தொங்கிவிடும். சுற்றிலும் தண்ணீர் நிற்க, செடி தண்ணீர் கிடைக்காமல் சாகிறது. அதன் தலையில் இன்னொரு மக் எதற்கு? இலை மஞ்சளாகிறது என்று யூரியா போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அழுகிய வேர் எதைச் சாப்பிடும்? விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் மக்கைக் கீழே வைத்துவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அதனால் இனி நான் சொல்லப்போவதெல்லாம் புரட்டாசியிலேயே முடிய வேண்டிய வேலை. விட்டவர்கள் மழை இடைவெளியிலாவது செய்யுங்கள்.

பையைத் தரையில் வைக்காதீர்கள். அடியில் துளை இருந்தும் தளத்தோடு ஒட்டிக்கொண்டால் அடைத்ததற்குச் சமம். செங்கல் மேல் ஏற்றுங்கள். பக்கவாட்டில் அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் நான்கு துளை போடுங்கள். தொட்டிக்குக் கீழே இருக்கும் தட்டை எடுத்துவிடுங்கள். அதில் நிற்கும் தண்ணீரில் டெங்கு கொசுவும் வளரும். மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

தொழு உரத்தில் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சாணப் பவுடரைக் கலந்து மழைக்கு முன்பே மண்ணில் கிளறிவிட்டால் வேரழுகல் குறையும். வாங்கும்போது தேதியைப் பாருங்கள். அது உயிருள்ள பூஞ்சாணம், காலாவதியானால் வெறும் பவுடர். ரசாயனப் பூஞ்சாணக் கொல்லியோடு சேர்த்துப் போட்டால் காசுதான் வீண்.

முருங்கையை மூன்று நான்கு அடிக்கு வெட்டிவிடுங்கள். மனசு வராது, தெரியும். ஆனால் அதன் கட்டை மெத்து. உயரமாக விட்டால் காற்றில் முறிந்து பக்கத்து வீட்டு ஓட்டில் விழும். வெட்டினால் துளிர்த்துவிடும். கீரை விதையை அடைமழையில் தூவினால் அடித்துக்கொண்டு போகும். கொஞ்சம் பொறுங்கள்.

அப்புறம் ஒரு கெஞ்சல். கைப்பிடிச் சுவர் மேல் இருக்கும் தொட்டிகளை இன்றைக்கே இறக்கிவிடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் மரங்களையே வேரோடு சாய்த்தது. மாடியிலிருந்து விழும் தொட்டி கீழே போகிறவர் தலையில்தான் விழும்.

மடிப்பாக்கத்து அம்மாவின் பதினொரு பைகளில் நான்கில் வேர் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. அந்த நான்கையும் செங்கல் மேல் ஏற்றி, துளை போட்டு, படிக்கட்டு மேல்கூரைக்குக் கீழே நகர்த்திவிட்டு வந்தேன். ஒரு வாரம் தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.