யாழ்ப்பாணத்தில் ஜூஸ் வண்டி போட என்னென்ன எடுக்க வேண்டும்

சித்திரை முடிந்து கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சந்தைக்கு இறங்கத் தொடங்கினால் போதும், யாராவது ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்பார்: "ஒரு பட்டா லொறி எடுத்து உள்ளுக்குள்ளேயே ஜூஸ், ஸ்மூதி அடிச்சு வித்தால் என்ன? அதுக்கு என்ன பெமிற் எடுக்க வேணும்?" நல்ல யோசனைதான். சந்தையில் பழம் மலிந்து கிடக்கிற நாட்களில்கூட வீதியோரக் கடையில் சிரப்பைக் கரைத்துத்தான் கையில் தருகிறார்கள் என்பது எனக்கு நீண்ட நாள் மனவருத்தம். ஆனால் "ஜூஸ் வண்டி அனுமதிப்பத்திரம்" என்று ஒரே ஒரு கடதாசி எந்தக் கந்தோரிலும் இல்லை. சுகாதாரம், உள்ளூராட்சி சபை, மோட்டார் போக்குவரத்து, வீதி, வியாபாரப் பெயர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கதவு. எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று தெரியாமல்தான் ஆட்கள் காசை விடுகிறார்கள்.

என் சித்தியின் மகன் அப்படித்தான் விட்டான். பழைய பட்டா ஒன்றை வாங்கி, பின்பெட்டியை வெட்டி, ஒரு பக்கம் மேலே தூக்கித் திறக்கிற மாதிரி வெல்டிங் செய்து, பெயின்ற் அடித்து, மாம்பழப் படமும் கீறி முடித்த பிறகுதான் பி.எச்.ஐ.யை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) கூட்டிக்கொண்டு வந்து காட்டினான். அவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "கை கழுவுற பேசின் எங்க? கழிவுத் தண்ணி எங்க போகுது?" இரண்டுக்கும் அந்தப் பெட்டியில் இடமே இல்லை. திரும்ப வெட்டி, திரும்ப வெல்டிங். ஆகவே வாகனத்தில் கை வைப்பதற்கு முதலே, ஒரு கொப்பித் தாளில் பெட்டியின் படத்தைக் கீறி எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வெளிவேலைக்குப் போகிறவர் என்பதால் காலையில் வெள்ளனப் போனால் பிடிக்கலாம்.

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதன் கீழ் வந்த ஒழுங்குவிதிகளும் கடைக்கு மட்டுமல்ல, சில்லில் ஓடுகிற கடைக்கும் பொருந்தும். ஜூஸ் வண்டியில் கட்டாயம் பார்க்கப்படுவது தண்ணீர்தான். குழாய் பூட்டிய, மூடியுள்ள நல்ல தண்ணீர்த் தாங்கி ஒன்று, பேசினிலிருந்து வடிகிற கழிவுநீரை நிலத்தில் விடாமல் பிடித்து வைக்கிற தாங்கி ஒன்று, சவர்க்காரம், மிதித்துத் திறக்கிற மூடியுள்ள குப்பை வாளி, பழம் வெட்ட மரப்பலகையில்லாத சுத்தமான தட்டு, வெட்டிய பழத்துக்கு மூடி. வேலை செய்கிறவர்களுக்கு மருத்துவப் பரிசோதனைச் சான்றிதழ், நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்) தடுப்பூசி, தலையுறை, மேலங்கி. ஊசியைப் பற்றிக் கேட்டால் அதை எங்கே போடலாம் என்று பி.எச்.ஐ.யே சொல்லுவார்.

நெருப்புக்காய்ச்சலை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இலங்கையில் அந்த நோய் நீண்டகாலமாக அதிகம் பதிவாகிற மாவட்டங்களில் யாழ்ப்பாணம் முன்னால் நிற்கிறது. நம்முடைய நிலம் சுண்ணக்கல். மேலே விடுகிற அழுக்கு வடிபடாமல் வெடிப்புகளுக்குள்ளால் நேரே கிணற்றுக்குப் போகும், அந்தக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே மலசலகூடக் குழியும் இருக்கும். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிற தண்ணீரிலும் கிருமி இருக்கலாம். ஜூஸ் என்பது கொதிக்க வைக்காமல் குடிக்கிற சாமான், தேத்தண்ணி மாதிரி அடுப்பு வந்து காப்பாற்றாது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் பாவிக்கப் போகிறீர்கள் என்றால் அதைப் பரிசோதனைக்குக் கொடுத்து, குளோரின் போடுகிற முறையையும் கேட்டு வையுங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஐஸ். மீன் பெட்டிக்குப் போடுகிற கட்டி ஐஸை வாங்கி, சாக்கில் சுற்றி, சுத்தியலால் உடைத்துக் கப்பில் போடுகிறவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த ஐஸ் குடிப்பதற்காக உறையவைத்த தண்ணீர் இல்லை. அதை ஏற்றுகிற இடம், வைக்கிற இடம், உடைக்கிற இடம் எல்லாமே மீன் வியாபாரத்துக்கு உரியவை. கொதித்து ஆறிய தண்ணீரை நீங்களே குளிரூட்டியில் சிறு கட்டிகளாக உறையவைத்துக் கொண்டுபோங்கள், அல்லது பழத்தையே வெட்டி உறையவைத்து ஐஸ் இல்லாமல் அடியுங்கள். வாழைப்பழத்தை இப்படிச் செய்தால் ஸ்மூதி தடிப்பாகவும் வரும், தண்ணீர் பற்றிய பயமும் பாதி குறையும்.

இங்கேதான் பலர் கவனிக்காத விடயம் ஒன்று வருகிறது. பழத்தை வீட்டில் உரித்து, கூழாக்கி, உறையவைத்துக் கொண்டுபோனால் உங்கள் வீட்டுக் குசினியும் உணவு தயாரிக்கிற இடம்தான். வண்டியைப் பார்க்கிற பி.எச்.ஐ. அதையும் பார்க்க வேண்டும், பதிவும் அதற்குச் சேர்த்துத்தான். மறைக்காமல் முதலே சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு முறைப்பாடு வந்து வீட்டுக்கு ஆள் வந்தால் கதை நீதவான் நீதிமன்றம் வரைக்கும் போகும்.

சரி, அடுத்தது உள்ளூராட்சி சபை. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, 3 நகர சபை, 13 பிரதேச சபை என்று மொத்தம் 17 சபைகள் இருக்கின்றன. நிற்கிற கடைக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. ஓடுகிற வண்டிக்குத்தான் தலையிடி. நல்லூர்க் கோயிலடியில் நின்றால் நீங்கள் மாநகர சபை எல்லையில், அங்கிருந்து கொஞ்சத் தூரம் ஓடித் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால் நல்லூர் பிரதேச சபை, மருதனார்மடம் போனால் வலிகாமம் தெற்கு, சாவகச்சேரிப் பட்டினத்துக்குப் போனால் நகர சபை. ஒரு சபை தந்த வியாபார அனுமதிப்பத்திரத்தை அடுத்த சபையின் எல்லைக்குள் காட்டி வேலையில்லை. ஆகவே முதல் வருடம் ஒரு சபையைத் தெரிவுசெய்து, அதற்குள் இரண்டு மூன்று நிலையான இடங்களில் நில்லுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். வெளியே ஏதும் கண்காட்சி, திருவிழா என்றால் அந்தச் சபையில் அந்த நாட்களுக்கு மட்டும் அனுமதி கேட்கலாம். எங்கே காசு கட்டினாலும் சபையின் பற்றுச்சீட்டைக் கையில் வாங்கி வண்டியிலேயே வையுங்கள்.

நல்லூர்த் திருவிழாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் கண் அதில்தான். 25 நாட்கள், சனம் அலைமோதும், வெயிலும் இருக்கும். ஆனால் அந்த நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் வாகனத்துக்கு மூடப்படும், தற்காலிகக் கடைகளுக்கு இடம் கொடுப்பது மாநகர சபை. கொடியேறின பிறகு வண்டியோடு போய் நின்று கேட்டால் ஒன்றும் நடக்காது. சபையின் அறிவித்தலை முதலே பார்த்து, அதன்படி இடம் எடுக்க வேண்டும்.

வியாபார அனுமதி இருக்கிறது என்பதற்காக வீதியோரத்தில் எங்கேயும் நிற்கலாம் என்று நினைக்க வேண்டாம். கண்டி வீதி, காங்கேசன்துறை வீதி மாதிரியான பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில், வேறு பல வீதிகள் மாகாணத்தின் கையில், உள் ஒழுங்கைகள் சபையின் கையில். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றால் பொலிஸ் எந்த வீதியிலும் எழுப்பும். தனியார் காணியின் முன்பகுதியில் உரிமையாளரின் சம்மதக் கடிதத்தோடு நிற்பதுதான் நிம்மதி. வாடகை கொஞ்சம் போனாலும் பரவாயில்லை, வாங்க வருகிறவர்களுக்கும் மோட்டார் சைக்கிள் விட இடம் கிடைக்கும்.

வாகனத்தைப் பற்றிச் சுருக்கமாக. பெட்டியின் அமைப்பை மாற்றினால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத் தெரியப்படுத்தி அங்கீகாரம் எடுக்க வேண்டும், அதற்கு மாவட்டச் செயலகத்தில் உள்ள கிளையிலேயே விசாரிக்கலாம். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனை எல்லாம் வழமைபோல. காப்புறுதிக்காரரிடம் இது வியாபார வண்டி, உள்ளே இன்வேட்டரும் பிளெண்டரும் குளிரூட்டியும் இருக்கிறது என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். தள்ளுவண்டி என்றால் இந்தப் பந்தி உங்களுக்குத் தேவையில்லை.

வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில். உங்கள் சொந்த முழுப்பெயரில் அல்லாமல் வேறு பெயர் வைத்தால் தொடங்கி 14 நாட்களுக்குள் பதிய வேண்டும். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் வேண்டும் என்பதால் அவரிடம் போகிற நாளையும் கணக்கில் வையுங்கள். வங்கியில் வியாபாரக் கணக்குத் திறக்கவும் கடன் கேட்கவும் இந்தப் பதிவுதான் முதல் கடதாசி. அதே பிரதேச செயலகத்தில் சிறு தொழில் முயற்சிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்கள் இருப்பார்கள், போனது போனதுதானே, பயிற்சி, கடன் பற்றி அவர்களிடமும் கதைத்துவிட்டு வாருங்கள். வருமான வரிக்கு 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரைக்கும் விலக்கு இருக்கிறது. உங்கள் வருமானம் அதற்குள் நிற்கிறதா என்று தெரிய, முதல் நாளிலிருந்தே வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

விலைப்பட்டியல் கட்டாயம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி விலை வெளியே தெரிகிற மாதிரிப் போட வேண்டும், வாங்கினவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். அப்புறம் கப், ஸ்ட்ரோ. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கிற பிளாஸ்ரிக் ஸ்ட்ரோ, கப், கரண்டி எல்லாம் தடை. சந்தையில் இன்னும் விற்கிறார்களே என்று வாங்கி அடுக்கி வைக்க வேண்டாம். கடதாசி ஸ்ட்ரோ வாங்கலாம். கண்ணாடிக் குவளை என்றால் பார்க்க அழகுதான், ஆனால் கழுவுகிற தண்ணீருக்குத் தாங்கி இன்னும் பெரிதாக வேண்டும்.

கண் முன்னால் அடித்துக் கப்பில் கொடுப்பது ஒரு தொழில், போத்தலில் அடைத்து மூடி கடைகளுக்குப் போடுவது வேறொரு தொழில். போத்தல் என்றால் தயாரித்த திகதி, முடிவுத் திகதி, சேர்மானம் என்று லேபல் விதிகள் வரும், சீனிக்கு நிறக்குறியும் வரும்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. வண்டி நிலையாக ஓடுகிற வரைக்கும் போத்தலைத் தொட வேண்டாம் என்றுதான் சொல்லுவேன்.

பழத்துக்கு வருவோம். சட்டத்தில் இது இல்லாவிட்டாலும் எனக்கு இதுதான் முக்கியம். சந்தைக்கு 100 கிலோ கொண்டுபோகிற தோட்டக்காரருக்குக் கழிவு என்று 10 கிலோவை வெட்டி 90 கிலோவுக்கே காசு கொடுக்கிற வழக்கம் இங்கே எவ்வளவு காலமாக நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஜூஸ் வண்டிக்காரர் தென்மராட்சியில் மாமரம் வைத்திருக்கிறவரிடமும், நீர்வேலியில் வாழை வைத்திருக்கிறவரிடமும் நேரே போய் முழு நிறைக்கு வாங்கலாம். தோலில் வடு இருக்கிற, சந்தையில் விலைபோகாத பழம் ஜூஸுக்குத் தாராளமாகப் போதும். கறுத்தக்கொழும்பான் நன்றாகப் பழுத்தாலும் தோலில் பச்சை நிற்கும், காம்படியை மணந்து பார்த்தால்தான் தெரியும். எல்லாப் பழமும் ஒரே மாதிரி மஞ்சளாக, மணமே இல்லாமல் இருந்தால் காபைட் போட்டுப் பழுக்க வைத்ததோ என்று சந்தேகப்படுங்கள், காபைட் தடைசெய்யப்பட்டது. மாம்பழம் முடிய விளாம்பழம், வெயிலுக்கு வத்தகப்பழம், வருடம் முழுக்கப் பப்பாப்பழமும் கதலியும் தேசிக்காயும் என்று மாற்றிக்கொண்டே போகலாம், பலகையில் அன்றைய பழத்தை மட்டும் எழுதினால் போதும்.

வியாபார அனுமதிப்பத்திரம் எந்த மாதம் எடுத்தாலும் டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிந்துவிடும். அது மாரி, மழையில் ஜூஸ் குடிக்க ஆள் வராது, கையிலும் காசு இருக்காது. புதுப்பிக்கிற காசை வைகாசி, ஆனியில் வியாபாரம் நடக்கும்போதே எடுத்துத் தனியாக வையுங்கள், மருத்துவச் சான்றிதழ் முடிகிற திகதியையும் அந்தக் கொப்பியிலேயே எழுதி வையுங்கள்.