ஃபுட் பிளாட்: மானுக்காக விதைக்கும் நிலம்

பிளாட் என்றதும் கல் நட்டு விற்கும் வீட்டுமனை ஞாபகம் வந்தால் உங்கள் மேல் தப்பில்லை. அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் பேச்சில் ஃபுட் பிளாட் என்பது வேறு சங்கதி. காட்டோரத்திலோ காட்டுக்கு நடுவிலோ கால் ஏக்கர், அரை ஏக்கர், மிஞ்சிப்போனால் சில ஏக்கரைத் திருத்தி, வெண்வால் மான் தின்பதற்கென்றே விதைத்துவிடும் நிலம் அது. களத்துக்கு ஒரு மணி தானியம்கூட வராது. மான் அங்கே மேய்ந்து பழக வேண்டும். வேட்டைப் பருவம் தொடங்கியதும் பரணில் காத்திருப்பவர் கண்ணில் பட வேண்டும்.

விதைப்பது பெரும்பாலும் குளோவர் என்ற தீவனச் செடி, ஓட்ஸ், குளிர்காலக் கோதுமை, டர்னிப். பல்லாண்டுக் குளோவரை ஒருமுறை விதைத்தால் சில வருடம் நிற்கும். டர்னிப் வேடிக்கையான பயிர். உறைபனி விழுந்தால் இலையில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அதுவரை அந்தப் பக்கமே வராத மான்கூட அப்புறம் தேடி வருவது உண்டு. மண்ணில் புளிப்பு அதிகமென்றால் முதலில் சுண்ணாம்பு போடுவார்கள். பரணை எங்கே கட்டுவது என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். மனித வாடை நிலத்தின் பக்கம் போனால் விதைத்ததெல்லாம் வீண்.

சரி, சொல்லுக்கு வருவோம். பிளாட் பழைய ஆங்கிலத்திலேயே சிறு துண்டு நிலத்தைக் குறித்த சொல். சதி என்ற பொருள் அதற்கு 16ஆம் நூற்றாண்டில்தான் ஏறியது. சதியைக் குறிக்கும் 'கோம்ப்ளோ' என்ற பிரெஞ்சுச் சொல்லின் சாயல் என்பார்கள். யாரும் திட்டமிட்டு வைத்த பெயர் இல்லை என்றாலும், ஃபுட் பிளாட்டில் நிலமும் இருக்கிறது, சதியும் இருக்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'உணவு மனை' என்றால் இலை போட்டுச் சாப்பாடு போடுவார்கள் என்று நினைத்துவிடுவோம். 'தீவனத் தோட்டம்' மாட்டுக்கு அறுத்துப் போடும் புல்லைக் குறிக்கும். 'தூண்டில் இரை' இன்னும் தப்பு. மக்காச்சோளத்தைக் கொட்டிவைத்து மானை வரவழைப்பது அங்கே தனிக் குற்றமாகவே பல இடங்களில் இருக்கிறது. 1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட, மானை உருக்கிக் கொல்லும் நோய் ஒன்று, குவியலில் வாய்வைக்கும் மான்களுக்கிடையே பரவும் என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். மண்ணில் முளைத்து நிற்கும் பயிரைச் சட்டம் பொதுவாக விவசாயமாகவே பார்க்கிறது.

என் தேர்வு 'இரைப்புனம்'. இரை என்பது கோழி பொறுக்குவதும்தான், புலி அடிப்பதும்தான். மாடு இரையெடுக்கவில்லை என்றும் சொல்கிறோம். தின்ன வந்து தின்னப்படும் மானுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை. புனம், மலைச்சாரலில் தினை விளையும் கொல்லை. சங்கப் பாட்டில் தலைவி இதணத்தில், அதாவது பரணில், ஏறி நின்று கிளியை விரட்டுவது அங்கேதான். அவள் விளைச்சலைக் காக்க ஏறினாள். அமெரிக்கர் விளைச்சலை மானுக்கு விட்டுவிட்டு ஏறுகிறார். இதணம் இருக்கும்போது அவர்கள் 'ஸ்டாண்ட்' என்பதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. பரண் என்றாலும் போதும்.

இந்தியாவில் வேட்டையைத் தடுக்கும் 1972 வனவிலங்குச் சட்டம் இருப்பதால், மொழிபெயர்ப்பவருக்குத்தான் இந்தச் சொல் உதவும். அவருக்கு இன்னொரு சிக்கலும் காத்திருக்கிறது. மான் வயிறு நிறைய மேயும் பெரிய நிலத்துக்குப் போகும் வழியில், சுடுவதற்கு வாகாக விதைத்த சின்னத் துண்டை அவர்கள் 'கில் பிளாட்' என்பார்கள். ஒலியை வைத்து 'கொல்லை' என்றே போட்டுவிடலாமா என்று ஒரு கணம் ஆசை வந்தது. ஆனால் 'கொல்லைக்குப் போயிருக்கிறார்' என்று எழுதினால் நம்மூரில் பாதிப் பேர் வேட்டை என்று நினைக்க மாட்டார்கள்.