சாம்பார் சாதம் பசி தாங்குவது ஏன்?

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றும் வாசகி ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவர் மதியத்துக்கு எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோகிறார். ஒரு மணிக்குச் சாப்பிட்டு, கூடவே அரை லிட்டர் தண்ணீரும் குடிக்கிறார். எழும்போது வயிறு நிறைந்திருக்கிறது. ஆயினும் மூன்றரை மணிக்கெல்லாம் பசியெடுத்து, தேநீருடன் பப்ஸோ பஜ்ஜியோ வாங்க வேண்டியதாகிறது. பக்கத்து மேசைக்காரர் அதே அளவுள்ள டிபன் பாக்ஸில், காய்கள் நிறையப் போட்டுக் குழையப் பிசைந்த சாம்பார் சாதத்தைக் கொண்டுவருகிறார். அவருக்கு வீடு திரும்பும் வரை பசிப்பதில்லை. “இரண்டு வயிற்றுக்குள்ளும் போவது அரிசியும் தண்ணீரும்தானே, பிறகு ஏன் இந்த வேறுபாடு?” என்று கேட்கிறார்.

விடையின் ஒரு பகுதி பலரும் அறிந்ததே. துவரம்பருப்பில் புரதம் உண்டு. காய்களில் நார்ச்சத்து உண்டு. புரதமும் கொழுப்பும் முன்சிறுகுடலை எட்டியதும் கோலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோன் சுரந்து இரைப்பையின் வேகத்தைத் தணிக்கிறது. உணவுக்கூறுகள் சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை செல்லும்போது ஜி.எல்.பி.-1 போன்ற ஹார்மோன்கள் சுரந்து ‘போதும்’ என்று மூளைக்குத் தெரிவிக்கின்றன. இன்று பெரிதும் பேசப்படும் எடைக் குறைப்பு ஊசிகள் இந்த ஹார்மோனைப் போலவே செயல்படுபவை. ஆனால் வாசகியின் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது பருப்பு அன்று, அந்த அரை லிட்டர் தண்ணீர். சோற்றோடு கலந்து உள்ளே போகும் தண்ணீரையும், சோற்றுக்குப் பக்கத்தில் தனியாகப் போகும் தண்ணீரையும் இரைப்பை ஒன்றுபோல் நடத்துவதில்லை.

இதை முதலில் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் வில்லியம் போமாண்ட் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர். 1822இல் மாக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடிய இளைஞரின் மீது தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் காயம் முற்றிலும் மூடாமல், இரைப்பைக்குள் நேராகப் பார்க்கக்கூடிய துளையாக நின்றுவிட்டது. போமாண்ட் அத்துளை வழியே உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி இறக்கியும், உள்ளே நடப்பதைக் கவனித்தும் ஆண்டுக்கணக்கில் குறிப்பெடுத்து 1833இல் நூலாக வெளியிட்டார். தண்ணீரும் அதைப் போன்ற திரவங்களும் செரிமான நீரால் மாற்றம் எதுவும் அடையாமல், உட்சென்ற சிறிது நேரத்திலேயே இரைப்பையை விட்டு நீங்கிவிடுகின்றன என்று அவர் அதில் பதிவு செய்திருக்கிறார்.

இது எப்படி நிகழ்கிறது என்பதுதான், உடலியங்கியலில் நான் மிகவும் விரும்பிப் படித்த பகுதிகளுள் ஒன்று. இரைப்பையின் மேற்பகுதி தளர்ந்து கொடுத்து உணவைத் தேக்கி வைக்கிறது. கீழ்ப்பகுதியோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 முறை அலை அலையாகச் சுருங்கி, உணவைக் கடைசியிலுள்ள பைலோரஸ் என்னும் குறுகிய வாயிலை நோக்கித் தள்ளுகிறது. அந்த வாயில் சிறிதளவே திறக்கும். ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களும் திரவமும் அதன் வழியே கசிந்து குடலுக்குள் சென்றுவிட, பெரிய பருக்கைகள் மோதிப் பின்வாங்கி, மீண்டும் அரைபடுவதற்காக உள்ளே திரும்புகின்றன. சோறு வெந்த பானையை மூடியோடு சாய்த்துக் கஞ்சி வடிக்கும்போது நீர் மட்டும் ஒழுகிப் பருக்கை பானையிலேயே தங்குகிறதல்லவா, இரைப்பை ஓயாமல் செய்துகொண்டிருப்பதும் அந்த வேலைதான். இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. வயிறு நிறையச் சோறு இருக்கும்போது குடிக்கிற தண்ணீர் அந்தக் குவியலுக்குள் ஊறிக் காத்திருப்பதில்லை. இரைப்பையின் குட்டையான உள்வளைவை ஒட்டி ஒரு வாய்க்கால்போல் ஓடி நேரே வாயிலை அடைந்துவிடுகிறது. ஜெர்மானிய உடற்கூற்றியலாளர்கள் இந்தப் பாதைக்கு ‘இரைப்பைத் தெரு’ என்று பொருள்படும் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

வாசகிக்கு எழும்போது தோன்றிய நிறைவு உண்மையானது. இரைப்பைச் சுவர் விரிந்ததை வேகஸ் நரம்பு மூளைக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த விரிவில் தண்ணீரின் பங்கு விரைவில் வடிந்துவிட, சுவர் சுருங்கி, செய்தியும் மங்கிவிடுகிறது. குழைந்த சாம்பார் சாதத்திலோ தண்ணீர், கரைந்த பருப்பிலும் மசிந்த சோற்றிலும் வெந்த காயிலும் பிணைந்து ஒரே கூழாக இருப்பதால், வடிப்பதற்குத் தனியாக நீர் என்று அங்கே ஒன்று இல்லை. கூழ் முழுவதும் சேர்ந்தேதான் நகர வேண்டும். அப்படி நகரும்போது உணவின் சத்தும் உடன் செல்வதால், முன்சிறுகுடல் அதை உணர்ந்து வாயிலை இறுக்கிக்கொள்கிறது. பொதுவாக நிமிடத்துக்கு 2 முதல் 3 கலோரி அளவே கீழே இறங்கும்படி குடல் கட்டுப்படுத்துகிறது. 450 கலோரியுள்ள ஒரு டப்பா சாதம் இந்த வேகத்தில் இறங்கி முடிய ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் தண்ணீரின் பருமனும் இரைப்பையிலேயே தங்கியிருக்கிறது.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில் இதைப் படமாகவே பிடித்துக் காட்டினார்கள். கோழிக்கறியும் காய்கறியும் தின்று பக்கத்தில் தண்ணீர் குடித்தவர்களையும், அதே பொருள்களை அதே தண்ணீரோடு அரைத்துச் சூப்பாகக் குடித்தவர்களையும் எம்.ஆர்.ஐ. கருவியில் படுக்க வைத்துப் பார்த்தபோது, சூப் இரைப்பையில் கூடுதல் நேரம் தங்கியதும், பசி அதிக நேரம் அடங்கியிருந்ததும் தெரிந்தன. அதற்கும் முன்பே, 1999இல், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்பரா ரோல்ஸ் குழுவினர் பெண்களுக்கு மதிய உணவுக்கு முன் 270 கலோரியுள்ள கோழியும் அரிசியும் சேர்ந்த உணவைக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் அதை மட்டும், ஒரு நாள் பக்கத்தில் தண்ணீரோடு, இன்னொரு நாள் அதே அளவு தண்ணீரை உள்ளே சேர்த்துச் சூப்பாகக் கொடுத்தார்கள். பக்கத்தில் வைத்த தண்ணீரால் பின்னர் உண்ட அளவில் மாற்றம் இல்லை. சூப் குடித்த நாளில் மட்டும் அடுத்த உணவு ஏறத்தாழ 100 கலோரி குறைந்தது.

சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடித்தால் ‘ஜடராக்கினி’ அணைந்து, செரிமான அமிலம் நீர்த்து, உணவு வயிற்றிலேயே அழுகிவிடும் என்று சொல்லும் காணொளிகள் நம் கைப்பேசிகளில் ஓயாமல் சுற்றுகின்றன. படித்தவர்களும் அதை நம்பி, தொண்டை வறளச் சாப்பிடுவதைப் பார்க்கையில் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. தனியாகக் குடித்த நீர் விரைவில் வெளியேறிவிடுகிறது, அமிலமும் தேவைக்கேற்பச் சுரந்துகொண்டே இருக்கிறது. ஆகவே தாகமெடுத்தால் தாராளமாகக் குடிக்கலாம். அதைப் பசிக்கு அணையாக நம்பினால்தான் ஏமாற்றம்.

குழைவுக்கு ஓர் எல்லையும் உண்டு. மாவுச்சத்து மசிய மசிய நொதிகள் அதை எளிதில் உடைத்து, இரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறக்கூடும். நீரிழிவு உள்ளவர்கள் சோற்றைக் கூழாக்குவதைவிட, சோற்றின் பங்கைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்டுவதே நல்லது. நீரைப் பிடித்து வைக்கும் வேலையைச் சோறுதான் செய்ய வேண்டும் என்பதில்லை. வெண்டைக்காயின் வழவழப்பும், வெந்தயத்திலுள்ள பிசுபிசுப்பான நார்ச்சத்தும் அதைச் சிறப்பாகவே செய்கின்றன.

இந்தியாவில் உணவு ஆராய்ச்சி புதிதன்று. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கியதுதான். அத்தகைய நிறுவனங்களுக்கு நிதி தாராளமாக ஒதுக்கி, கூட்டு, களி, கம்பங்கூழ், பிசிபேளாபாத் ஆகியவற்றை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்துப் பார்க்கும் ஆய்வுகளைப் பெருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாம் அன்றாடம் உண்பது வறுத்த கோழியும் சூப்பும் அல்ல.

வாசகி எலுமிச்சைச் சாதத்தைக் கைவிட வேண்டியதில்லை. டப்பாவில் சாதத்தைப் பாதியாக்கி, மறுபாதியில் பாசிப்பருப்பும் சுரைக்காயோ புடலங்காயோ சேர்த்த கெட்டியான கூட்டை வைத்து, இரண்டையும் கலந்து உண்டால் போதும். சாம்பார் சாதமே கட்டுவதானால், காலையில் அதைக் கெட்டியாகப் பிசைந்துவிடக் கூடாது. ஆற ஆற மாவுச்சத்து நீரை உறிஞ்சி இறுகும். ஏழு மணிக்குக் கரண்டியிலிருந்து வழிகிற பதத்தில் கட்டிய சாதம்தான் ஒரு மணிக்குக் கையில் எடுக்கும் பதத்துக்கு வந்திருக்கும்.