பெற்றோர் வரவில்லையா, பள்ளி கூப்பிடவில்லையா? அமெரிக்காவின் 'டைட்டில் 1' சொல்வது என்ன

இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வீடு திரும்பும் அம்மாவைப் பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டத்துக்கு வரச்சொன்னால் எப்படி வருவார்? வராவிட்டால், பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லாதவர் என்ற பெயர்தான் மிச்சம். அமெரிக்காவின் ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் வெகுகாலமாகச் சுமக்கும் பழி இது. அந்நாட்டுச் சட்டமோ, பெற்றோரைப் பள்ளிக்குள் கொண்டுவரும் பொறுப்பைப் பள்ளியின் தலையில்தான் வைத்திருக்கிறது.

1965 ஏப்ரல் 11 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தின் முதல் பகுதிக்குப் பெயர் 'டைட்டில் 1'. ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்கு மத்திய அரசு இதன் வழியே கூடுதல் பணம் தருகிறது. பார்ப்பது வறுமையை, நிறத்தை அல்ல. ஆனால் கறுப்பினத்தவரை ஊரின் சில பகுதிகளிலேயே ஒதுக்கிக் குடிவைத்த வரலாறு இருக்கிறதே, அதனால் இப்பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் மிகுதி.

பணம் வந்ததும் என்ன நடந்தது என்பதை கறுப்பினத்தவரின் சமஉரிமைக்காகப் பாடுபட்ட ரூபி மார்ட்டினும் ஃபிலிஸ் மெக்ளூரும் 1969இல் எழுதிய அறிக்கை அம்பலப்படுத்தியது. ஏழைப் பிள்ளைகளுக்கான நிதி பொதுச் செலவுக்குப் போயிருந்தது. நீச்சல் குளம் வாங்கியதும் உண்டு! செலவைக் கேள்வி கேட்கப் பெற்றோர் வேண்டும் என்ற பேச்சு வலுத்து, 1970களில் பெற்றோர் ஆலோசனைக் குழுக்கள் கட்டாயமாயின. 1981இல் ரீகன் ஆட்சியில் அந்தக் கட்டாயம் போனது. 1988 திருத்தத்தில் பெற்றோர் பங்கேற்பு மறுபடி சட்டத்துக்குள் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2015 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட வடிவம். அதன் 1116ஆம் பிரிவுதான் பெற்றோருக்கான பிரிவு.

அதில் என்னைக் கேட்டால் முக்கியமானது பணம். 'டைட்டில் 1' நிதியாக 5 லட்சம் டாலருக்கு மேல் பெறும் பள்ளி மாவட்டம் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), குறைந்தது 1 சதவீதத்தைப் பெற்றோர் பங்கேற்புக்கென்று ஒதுக்கவேண்டும். அதில் 90 சதவீதமாவது பள்ளிகளின் கைக்குப் போய்ச் சேரவேண்டும். ஒரு மாவட்டத்துக்கு 1 கோடி டாலர் வருகிறது என்றால் ஒதுக்கீடு 1 லட்சம், பள்ளிகளுக்கு 90,000. அதை எப்படிச் செலவிடுவது என்று முடிவு செய்வதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு. பெற்றோர் தினத்தில் பிஸ்கட்டும் காபியும் கொடுத்துக் கணக்கை முடிக்க இடமில்லை.

பள்ளி ஆண்டுக்கொரு கூட்டம் போட்டு இத்திட்டத்தையும் பெற்றோரின் உரிமைகளையும் விளக்கவேண்டும். மற்ற கூட்டங்களைக் காலையிலும் மாலையிலுமாக, வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதாக வைக்கவேண்டும். போக்குவரத்துக்கும், கூட்டம் முடியும்வரை சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும், ஆசிரியர் வீடு தேடிப் போகவும் இந்த நிதியைச் செலவிடலாம். பள்ளி எதைச் செய்யும், வீடு எதைச் செய்யும் என்று இருதரப்பும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதவேண்டும். பிள்ளையின் ஆசிரியருக்கு என்ன தகுதி என்று பெற்றோர் கேட்டால் சொல்லியாகவேண்டும். மாநில விதிப்படி தகுதி பெறாத ஒருவர் தொடர்ந்து 4 வாரம் பாடம் எடுத்தால், கேட்காமலே தெரிவிக்கவேண்டும். பள்ளியின் திட்டம் பெற்றோருக்குத் திருப்தி இல்லையென்றால், அவர்கள் சொன்ன குறைகளையும் பள்ளி மாவட்டத்துக்கு அனுப்பவேண்டும்.

இது நடக்கிற காரியமா என்பவர்களுக்கு கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரைக் காட்டலாம். யேல் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மனநல மருத்துவர் ஜேம்ஸ் கோமர் 1968இல் அங்கே இரண்டு தொடக்கப் பள்ளிகளில் பெற்றோரை நிர்வாகக் குழுவிலேயே உட்காரவைத்தார். மதிப்பெண்ணில் கடைசியில் கிடந்த பள்ளிகள் அவை. மேலேறி வர ஆண்டுகள் பிடித்தன, ஆனால் ஏறின.

பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பள்ளிக் கூட்டத்துக்குப் போக வேலையிடத்தில் விடுப்பு பெறும் உரிமை இந்தச் சட்டத்தில் இல்லை. அது மாநிலத்தைப் பொறுத்தது. இல்லினாயில் பள்ளியாண்டுக்கு 8 மணி நேரம். கலிஃபோர்னியாவில் ஓரிடத்தில் 25 பேராவது வேலை செய்யும் நிறுவனமென்றால் ஆண்டுக்கு 40 மணி நேரம். தலைநகர் வாஷிங்டனில் 24. அதற்குச் சம்பளம் பெரும்பாலும் கிடையாது.