சந்தி வெப்பநிலை

மேசைக் கணினியின் செயலி (பிராசசர்) எவ்வளவு சூடாகலாம் என்று அறிய விரும்புவோர், தயாரிப்பாளர் வெளியிடும் விவரப் பட்டியலில் 'ஜங்ஷன் டெம்பரேச்சர்' என்ற தொடரைக் காண்பார்கள். இதைத் தமிழில் 'சந்தி வெப்பநிலை' என்று வழங்குவதே சரி.

'ஜங்ஷன்' என்பது, சேர்த்தல், நுகத்தில் பூட்டுதல் என்னும் பொருளுடைய 'யுங்கெரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. வடமொழியின் 'யோகம்' என்ற சொல்லுக்கும் அதே தொல்வேர்தான். மின்னணுவியலில் இச்சொல், மின்சாரத்தை ஓரளவே கடத்தும் குறைகடத்திப் பொருளின் 'பி', 'என்' (p, n) எனப்படும் இரு வகைகள் கூடும் எல்லையைக் குறிக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் 1940-இல் ஒரு சிலிக்கான் துண்டில் கண்டறிந்தது இந்த எல்லையைத்தான். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு கருவிகளான பழைய டையோடுகளிலும் டிரான்சிஸ்டர்களிலும் வெப்பம் அந்த எல்லையிலேயே பிறந்ததால், அதன் வெப்பநிலையே கருவிக்குரிய வரம்பாகக் கொள்ளப்பட்டது. இன்றைய செயலியில் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் இருப்பதால் ஒரே ஒரு சந்தியைச் சுட்டிக்காட்ட இயலாது. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. செயலியின் சில்லின் (சிப்) உள்ளேயே பதிக்கப்பட்ட உணரிகள் காட்டும் வெப்பநிலையை அது இப்போது குறிக்கிறது.

தமிழில் 'சந்திப்பு' என்பது ரயில் நிலையங்களுக்கு உரியதாகிவிட்டது. 'இணைப்பு' என்றாலோ கம்பியும் செருகியும் நினைவுக்கு வரும். மேல்நிலைப் பள்ளி இயற்பியலில் 'பி-என் சந்தி' என்றே பயில்கிறோம். சந்தி வடசொல்தானே என்று தயங்குவோரிடம் நான் ஒன்று சொல்வேன்: இரு சொற்கள் கூடும் எல்லையில் தோன்றும் மாற்றத்தை நம் இலக்கண வழக்கு நெடுங்காலமாகச் சந்தி என்றே அழைத்து வந்திருக்கிறது, இருவகைக் குறைகடத்திகள் கூடும் எல்லையிலும் தனித்தனியே எதற்கும் இல்லாத ஒரு பண்பு தோன்றுகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இதனோடு குழம்பக் கூடாத சொல் 'கேஸ் டெம்பரேச்சர்'. இதைக் கணினிப் பெட்டிக்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலை என்று பலர் பிழையாகப் பொருள்கொள்கிறார்கள். உண்மையில் அது சில்லை மூடியிருக்கும் உலோக உறையின் மேற்பரப்பு நடுவில் அளக்கப்படுவது; ஆகவே 'உறை வெப்பநிலை' எனலாம். 2011-இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ7-2600கே செயலிக்கு உறை வெப்பநிலை வரம்பு 72.6 பாகை செல்சியஸ். மென்பொருள் காட்டுவதோ உள்ளே உள்ள உணரிகளின் அளவு. அதில் 75 பாகையைக் கண்டு, வரம்பு கடந்துவிட்டது என்று அஞ்சியவர்கள் இரு வேறு அளவுகளை ஒப்பிட்டார்கள்.

சந்தி வெப்பநிலையின் உச்சவரம்பு செயலிக்குச் செயலி மாறும். இன்டெல் கோர் ஐ9-13900கே செயலிக்கு அது 100 பாகை. ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸ் செயலிக்கு 95. கூடுதல் நினைவகச் சில்லு அடுக்கப்பட்ட ரைசன் 7 7800எக்ஸ்3டி செயலிக்கு 89. வரம்பை எட்டியதும் செயலி தன் கடிகார வேகத்தையும் (இயங்கும் வேகத்தையும்) மின்னழுத்தத்தையும் தானே குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூடேறினால் கணினி அணைந்துவிடும். எனவே உச்சவரம்பு என்பது எரிந்துபோகும் புள்ளியன்று. ரைசன் 7000 வரிசை கடும் பணியின்போது 95 பாகையில் நின்று இயங்குமாறே வடிவமைக்கப்பட்டது என்று ஏஎம்டி நிறுவனமே தெரிவித்தது. பொதுவாக, விளையாட்டின்போது 60 முதல் 80 பாகை வரை இருந்தால் கவலைப்பட ஏதுமில்லை. வேலையின்றி இருக்கும்போதே 70 பாகையைத் தாண்டினால் குளிர்விப்பானின் பொருத்தத்தையும், அதன் அடியில் தடவிய வெப்பப் பசையையும் பார்க்க வேண்டும்.

இறுதியாக, 'வெப்பம்' வேறு, 'வெப்பநிலை' வேறு. செயலி வெளியிடும் வெப்பத்தை வாட்டில் சொல்கிறோம். வெப்பநிலையோ அந்த வெப்பம் எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்பதையும் சுற்றியுள்ள காற்றையும் பொறுத்தது. 25 பாகை அறையில் 70 பாகை காட்டும் செயலி, அதே பணியை 35 பாகை அறையில் செய்யும்போது ஏறத்தாழ 80 காட்டும்.