சொல் விளக்கம்: நானோ செராமிக்கில் புரோட்டான் கடத்தல்

காரைக்குடியில் ‘சிக்ரி’ எங்கே என்று கேட்டால் வழி சொல்லாதவர் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுக்க, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அது. அந்தத் துறையில் புழங்கும் ஒரு தொடர்தான் தலைப்பில் இருப்பது.

புரோட்டான்: ‘முதல்’ எனப் பொருள்படும் ‘புரோட்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து 1920இல் ரதர்போர்டு வைத்த பெயர். தமிழில் ‘நேர்மின்னி’ என்கிறோம். ஒரு குறை உண்டு: எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானுக்கும் நேர்மின்னூட்டம்தானே!

செராமிக்: குயவர் மண்ணைக் குறித்த ‘கெராமோஸ்’ என்பதிலிருந்து வந்தது. ‘பீங்கான்’ என்று எழுதுகிறார்கள். அது பாரசீகம் வழி வந்த சொல், ஊறுகாய் ஜாடிக்குச் சரி. ‘சுடுமட்பொருள்’ என்பதும் முழுதாகப் பொருந்தாது. டைட்டானியம், சிர்கோனியம் ஆக்சைடுகளில் மண் ஏது? மண்ணை விட்டு ‘சுடுபொருள்’ என்பதே என் தேர்வு. (ஆத்தங்குடிக் கல் இதில் சேராது. கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைக்கும் சிமெண்டுக் கல் அது, சூளையையே பார்ப்பதில்லை.)

கடத்தல்: செய்தித்தாளில் தங்கமும் ஆட்களும் கடத்தப்பட்டாலும் இயற்பியலுக்கு இந்தச் சொல்லே போதும். ஆனால் புரோட்டான் தனியாக ஓடுவதில்லை. ஒரு நீர் மூலக்கூறு தன்னுடையதை அடுத்ததற்குக் கொடுக்க, அது தன்னிடமிருந்து வேறொன்றை அதற்கடுத்ததற்குத் தள்ளிவிடும். 1806இல் இப்படியொரு கைமாற்றத்தை முன்வைத்த குரோத்தஸ் பெயரிலேயே இந்த வழிமுறை வழங்குகிறது.

அறை வெப்பநிலையில் இத்தகைய ஆக்சைடுகளின் உட்பகுதி புரோட்டானைக் கடத்துவது அரிது. நடமாட்டமெல்லாம் மேற்பரப்பில் ஒட்டிய நீர்ப்படலத்தில்தான். அதனால்தான் நானோ அளவு வேண்டியிருக்கிறது: துகள் சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு பெருகும். (நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு.) 10 நானோமீட்டர் விட்டமுள்ள சிலிக்கா (சிலிக்கான் ஆக்சைடு) துகள்களை ஒரு கிராம் எடுத்தால் மொத்தப் பரப்பு சுமார் 270 சதுர மீட்டர். பெரிய வீட்டின் வளவு முழுக்கக் கல் பதிக்கலாம்.

அந்தப் பரப்பை மாற்றியமைப்பதற்கு ‘மேற்பரப்புப் பதப்படுத்தல்’ என்பது பொருத்தமான சொல். சிலிக்காவின் மேலுள்ள ஹைட்ராக்சில் (OH) தொகுதிகளில் கந்தகமுள்ள சிலேன் என்ற சிலிக்கான் சேர்மத்தைப் பிணைத்து, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடால் ஆக்சிஜனேற்றினால் சல்போனிக் அமிலத் தொகுதிகள் கிடைக்கும். அவை புரோட்டானை எளிதில் விட்டுக்கொடுக்கும், நீரையும் பிடித்து வைக்கும். பதம் மிஞ்சினால் நுண்துளைகள் அடைபட்டுக் கடத்துதிறன் குறையும்.